குழந்தைக்கு ஐரிஷ் நடன ஷூ வாங்குவது எப்படி: அளவெடுப்பது முதல் லேஸ் கட்டுவது வரை

"வளரும் பிள்ளைதானே, ஒரு சைஸ் கூடவே வாங்கு." ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் செருப்புக் கடையில் நம் அம்மாக்கள் எல்லாரும் சொன்ன வாக்கியம் இது. முன்னால் கொஞ்சம் பஞ்சை அடைத்துக்கொண்டால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். டப்ளினில் என் மகளை ஆறு வயதில் ஐரிஷ் நடன வகுப்பில் சேர்த்தபோது நானும் அதே கணக்கில்தான் முதல் ஜோடியை வாங்கினேன். இரண்டாவது வகுப்பில் அவள் எம்பிக் குதித்தபோது குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்துவிட்டது. லேஸ் மட்டும் காலைச் சுற்றித் தொங்க, தடுமாறி பக்கத்தில் ஆடிய பிள்ளைமேல் போய் விழுந்தாள். டீச்சர் கோபப்படவில்லை. அவளை உட்கார வைத்து, குதிகாலுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த தோலை இரண்டு விரலால் கிள்ளி எனக்குக் காட்டி, "இங்கே கிள்ளுவதற்கு ஒன்றுமே இருக்கக் கூடாது" என்றார்.

அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதப்போகிறேன். நம் வீடுகளில் நாட்டியம் என்றால் பரதம், பரதம் என்றால் வெறுங்கால். சலங்கை வாங்கத் தெரியும், நடனத்துக்கு ஷூ வாங்கத் தெரியாது. அயர்லாந்திலோ லண்டனிலோ டொரண்டோவிலோ பிள்ளையை ஐரிஷ் நடனத்துக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர், ஷூ விஷயத்தில் சுத்தமாகப் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை: உடனே வாங்காமல் இருப்பது

வகுப்பில் சேர்த்த அன்றே ஷூ வாங்க ஓடாதீர்கள். பல வகுப்புகளில் முதல் சில வாரங்கள் சாக்ஸோடு ஆடவோ, பள்ளி உடற்பயிற்சிக்குப் போடும் மெல்லிய கறுப்பு ஷூவோடு ஆடவோ விடுவார்கள். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிய அந்த வாரங்கள் போதும்.

அதற்குள் டீச்சரிடம் சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை ஷூ இப்போது வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பழகிய கம்பெனி எது, நடனப் பள்ளியிலேயே மொத்தமாக ஆர்டர் போடுகிறார்களா, பெரிய பிள்ளைகள் போட்டுச் சின்னதாகிப்போன ஷூக்கள் கைமாற்றுக்குக் கிடைக்குமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மில் பலர் கூச்சப்படுவோம். கூச்சமே வேண்டாம், இந்த நடன உலகத்தில் ஷூவும் உடையும் கைமாறுவது ரொம்பச் சாதாரணம். அப்புறம், போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் நடனப் பள்ளி எந்த அமைப்பைச் சேர்ந்தது என்பதையும் கேளுங்கள். டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எல்.ஆர்.ஜி. என்ற ஆணையம்தான் இதில் பெரியது, 1970 முதல் உலகப் போட்டி நடத்துவதும் அவர்கள்தான். வேறு அமைப்புகளும் இருக்கின்றன. ஆரம்ப நிலைப் பிள்ளைகள் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு.

எந்த ஷூ எதற்கு

மூன்று வகை. பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட் ஷூ: கறுப்புத் தோலில், குதி இல்லாமல், மேலே லேஸ் கோர்க்க வளையம் வளையமாக இருக்கும். அயர்லாந்தில் இதை "பம்ப்ஸ்" என்பார்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் "கில்லீஸ்". இரண்டும் ஒன்றுதான். ரீல், ஸ்லிப் ஜிக், லைட் ஜிக், சிங்கிள் ஜிக் என்ற ஆட்ட வகைகள் எல்லாம் இதைப் போட்டு ஆடுவது. ஆண் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் ரீல் ஷூ. மூன்றாவது, இருபாலருக்கும் பொதுவான ஹார்டு ஷூ. இங்கே "ஹெவீஸ்" என்றும் சொல்வார்கள். முன் நுனியிலும் குதியிலும் ஃபைபர் கிளாஸ் வைத்தது. ட்ரெபிள் ஜிக், ஹார்ன்பைப், செட் டான்ஸ் இதில்தான்.

பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஹார்டு ஷூவைத்தான். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளின் பாயிண்ட் தியேட்டரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழே நிமிஷம் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடனத்தை இன்றைக்கும் வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அதில் வரிசையாக நின்று தரையை அதிரவைக்கும் அந்தச் சத்தம் ஹார்டு ஷூவின் சத்தம். ஆனால் முதலில் சாஃப்ட் ஷூ. அடவு பழகி, கணுக்காலில் பலம் ஏறிய பிறகு "இப்போது வாங்கலாம்" என்று டீச்சரே சொல்வார். அதற்கு முன்னால் ஆசைக்காக வாங்கினால், ஆடத் தொடங்கும் நாளில் அது காலுக்குச் சின்னதாகியிருக்கும்.

இந்த நடனத்தில் ஷூ ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் ஒரு வார்த்தை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, மேலுடம்பு அசையாமல் நிற்கும். முகபாவம் கிடையாது, முத்திரை கிடையாது. பார்ப்பவர் கண் முழுக்கக் காலில்தான் இருக்கும். பாதம் நுனிவரை நீண்டு வளைகிறதா, இரண்டு கால்களும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றனவா, குதிகால் தரையை விட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றுதான் நடுவர் பார்ப்பார். பிள்ளை பாதத்தை எவ்வளவு அழகாக வளைத்தாலும் தொளதொளத்த ஷூ அதை மூடிவிடும். கால் தோலுக்கு மேல் இன்னொரு தோல் போல அது ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அளவெடுப்பது

சாயங்காலம் எடுங்கள். நாள் முழுக்க ஓடியாடிய பிறகு பாதம் லேசாக வீங்கியிருக்கும். வகுப்பும் பெரும்பாலும் சாயங்காலம்தானே. ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, பிள்ளையின் குதிகால் சுவரைத் தொடும்படி நேராக நிற்க வையுங்கள். உட்கார வைத்து எடுத்த அளவு பயன்படாது, உடம்பின் பாரம் இறங்கும்போது பாதம் நீளும். மிக நீளமான விரல் நுனியில் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அது கட்டைவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, சில பிள்ளைகளுக்கு இரண்டாவது விரல் நீளம். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள். பாதத்தின் அகலமான இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஹார்டு ஷூவுக்குத் தேவைப்படும்.

எண்களில் ஒரு குழப்பம் உண்டு. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் குழந்தைகள் சைஸ் 13 வரை போய், அதற்கு அடுத்தது மறுபடி 1 என்று தொடங்கும். வலைத்தளத்தில் "1" என்று பார்த்துவிட்டு கைக்குழந்தை சைஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க எண் ஏறக்குறைய ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு முழு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எட்டரை மில்லிமீட்டர்தான், அரை சைஸ் என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். நம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இந்த வித்தியாசம்தான் ஆட்டத்தில் தெரியும்.

இன்னொன்று, ஐரிஷ் நடன ஷூவின் எண் பள்ளிக்குப் போடும் ஷூவின் எண்ணோடு பொருந்த வேண்டியதில்லை. பெரும்பாலும் சாஃப்ட் ஷூ ஒரு எண்ணாவது குறைவாக வரும். ஒரு கம்பெனியின் 12, இன்னொன்றின் 12 ஆகாது. அதனால் ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்த அளவு அட்டவணையை, மில்லிமீட்டர் அளவோடு வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்ப முடியுமா என்பதையும் வாங்கும் முன்னாலேயே படித்துவிடுங்கள். முதல் ஜோடியை எப்படியாவது நேரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இரண்டாவது ஜோடியை ஆன்லைனில் வாங்கலாம், அதற்குள் உங்களுக்கே அளவு பிடிபட்டுவிடும்.

சாஃப்ட் ஷூவைப் போட்டுப் பார்ப்பது

கடைக்குப் போகும்போது பூடில் சாக்ஸை மறக்காதீர்கள். பெண் பிள்ளைகள் போடும் வெள்ளை சாக்ஸ் அது, புடைப்புப் புடைப்பாக நெய்திருக்கும், பாதிக் கெண்டைக்கால் வரை வரும். பள்ளி சாக்ஸோடு போட்டுப் பார்த்தால் அளவு தப்பும். சில கடைகளில் தருவார்கள், கையில் இருப்பது நல்லது.

இனி நிதானமாகப் பாருங்கள். புது ஷூ கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக, மடித்து வைத்த பர்ஸ் போல இருக்கும். "இதற்குள் இவள் கால் போகவே போகாது" என்றுதான் முதலில் தோன்றும். லேஸை முழுவதும் தளர்த்தி, விரல்களை முதலில் நேராக உள்ளே விட்டு, பிறகு பின்பக்கத்தை இழுத்துக் குதிகாலுக்கு மேல் ஏற்ற வேண்டும். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஏற வேண்டும். வழுக்கிக்கொண்டு ஏறினால் அப்போதே ஒரு சைஸ் குறைத்துக் கேளுங்கள்.

லேஸைக் கட்டி, பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஷூ நுனியை மேலிருந்து கட்டைவிரலால் தடவினால் பிள்ளையின் விரல் நுனி உடனே தட்டுப்பட வேண்டும். காலியிடம் இருக்கக் கூடாது. அதே சமயம், விரல்கள் உள்ளே தட்டையாக, நேராக இருக்க வேண்டும். தோல் மெல்லியது, வெளியிலிருந்தே விரல்களின் மேடு தெரியும். முட்டி முட்டியாகத் துருத்திக்கொண்டிருந்தால் விரல் மடங்கியிருக்கிறது, அது சின்ன ஷூ. ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "ஏட்டி, பிள்ளை விரலெல்லாம் நசுங்கிடாதா?" என்று பதறினாள். அவள் பயம் நியாயமானது. இறுக்கம் வேறு, நசுக்கம் வேறு. நீட்டிய விரல் ஷூ நுனியைத் தொடுவது இறுக்கம். இடமில்லாமல் விரல் மடங்குவது நசுக்கம். பிள்ளையிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் புது ஷூ ஆசையில் இல்லை என்றுதான் சொல்லும். "உள்ளே விரலை ஆட்டிக் காட்டு" என்று சொல்லுங்கள். லேசாகவாவது ஆட்ட முடிந்தால் சரி.

அடுத்தது குதிகால். பின்னால் கிள்ளிப் பாருங்கள், தோல் கையில் வரக் கூடாது. அப்புறம் நுனிக்காலில் எழும்பச் சொல்லிவிட்டு மறுபடி கிள்ளுங்கள். நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் ஷூகூட நுனிக்காலில் எழும்பும்போது பின்னால் வாய் பிளப்பதுண்டு, ஆட்டத்தில் பாதி நேரம் பிள்ளை நுனிக்காலில்தானே நிற்கப்போகிறது.

மூன்றாவது, உட்கார வைத்துக் காலை நீட்டி, பாதத்தைக் கீழே வளைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குனிந்து உள்ளங்கால் வளைவைப் பாருங்கள். ஷூவின் அடித்தோல் பாதத்தின் வளைவோடு சேர்ந்து வளைய வேண்டும். பாதம் வளைந்தும் அடித்தோல் தனியாகப் பை போலத் தொங்கினால் அது பெரியது. நடுவில் அடித்தோல் இல்லாமல் முன், பின் என்று இரண்டு துண்டாக வைத்த ஷூக்களும் உண்டு, அவை வளைவை இன்னும் நன்றாகக் காட்டும்.

நான்காவது சோதனையைப் பலரும் கவனிப்பதில்லை. லேஸை இறுக்கிய பிறகு, ஷூவின் இரண்டு பக்கங்களும் பாதத்தின் மேல் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. புது ஷூவில் நடுவே ஒரு விரல் அகலத்துக்காவது சாக்ஸ் தெரிய வேண்டும். இப்போதே இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டால், தோல் நெகிழ்ந்த பிறகு இறுக்க இடமே இருக்காது. தோல் கட்டாயம் நெகிழும். சில வாரங்களில் ஷூ அரை சைஸ் பெரிதானது போலாகிவிடும். அந்த நெகிழ்வுதான் வளரும் காலுக்கு நமக்குக் கிடைக்கும் இடம், அதற்கு மேல் தனியாக இடம் விடத் தேவையில்லை.

லேஸ்

ஷூ சரியாக இருந்தும் லேஸ் தப்பாக இருந்தால் பலனில்லை. எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை இது, உங்கள் டீச்சர் வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முன் வளையத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து, ஒவ்வொரு வளையத்திலும் சமமாக இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். கடைசியில் மட்டும் பிடித்து இழுத்தால் மேலே இறுகி முன்னால் தளர்ந்திருக்கும். மேலே வந்த பிறகு இரண்டு நுனியையும் உள்ளங்கால் வளைவுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே கொண்டுவந்து முன்பக்கமாக இரட்டை முடிச்சு. குதிகாலுக்கு மேலே பின்புறம் ஓடும் தசைநாரின் மேல் இறுக்கிச் சுற்றவோ அங்கே முடிச்சு போடவோ கூடாது, குதிக்கும்போது அது அறுக்கும்.

லேஸ் சின்னப் பிள்ளைக்கு எப்போதும் நீளமாகத்தான் வரும். மிச்சத்தை நாலைந்து சுற்றுச் சுற்றாமல் வெட்டிவிடுங்கள். செயற்கை இழையாக இருந்தால் வெட்டிய நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டினால் பிரியாது. முடிச்சின் நுனிகளை உள்ளே செருகிவிட வேண்டும், தொங்கும் லேஸை மிதித்து விழுந்த பிள்ளைகளைப் போட்டிகளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹார்டு ஷூ

இதில் பணமும் கூட, குழப்பமும் கூட. பழைய காலத்தில் தோலை அடுக்கடுக்காக வைத்துக் குதி செய்து, சத்தம் வர அடியில் ஆணி அடித்து ஆடியிருக்கிறார்கள். இப்போது நுனியும் குதியும் ஃபைபர் கிளாஸ். எடை குறைந்து சத்தம் கூடியது, பிள்ளைகளும் உயரமாகக் குதிக்கிறார்கள்.

சாஃப்ட் ஷூவுக்குச் சொன்ன இறுக்கம் இதற்கு அப்படியே பொருந்தாது. இதன் தோல் தடிமன், அதிகம் நெகிழாது. விரல் நுனிக்கு வர வேண்டும், ஆனால் முட்டி நிற்கக் கூடாது. நீளத்தில் ஓர் அரை சைஸ் இடம் இருந்தால் பரவாயில்லை, குதிகாலில் மட்டும் இடமே கூடாது. கிள்ளும் சோதனையைத் தடித்த தோலில் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, ஸ்ட்ராப்பை மாட்டிவிட்டு, நீங்கள் ஷூவின் குதியைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். கால் உள்ளே மேலேறி இறங்கினால் பெரியது. அகலத்தையும் பாருங்கள். நம் பிள்ளைகள் சிலருக்குச் செருப்பிலேயே வளர்ந்த அகலமான பாதம், குறுகலான மாடலில் சுண்டுவிரல் பக்கம் நசுங்கும். அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அகலத்துக்காக நீளத்தைக் கூட்டி வாங்காதீர்கள்.

முதல் ஹார்டு ஷூவுக்கு சோல் வளைவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். கையில் எடுத்து நுனியையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். பலகை போல நிற்கும் ஷூவை வளைக்க ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பலம் போதாது, பாதம் தட்டையாகவே நிற்கும். வளையும் சோல் வைத்த மாடல்கள் விலை கொஞ்சம் கூட. கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். பெரிய பிள்ளைகள் ஷூ நுனியிலேயே எழுந்து நிற்பதற்கென்று செய்த மாடல்கள் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். அப்படி நுனியில் நிற்பது வளரும் எலும்புக்கு நல்லதில்லை, குறிப்பிட்ட வயதுக்குக் கீழே போட்டி விதிகளும் அதை அனுமதிப்பதில்லை.

கடையில் ஒரு மரத்தரையோ பலகையோ இருக்கும். அதில் நுனியைத் தட்டி, குதியைத் தட்டிக் கேளுங்கள். இரண்டு ஷூவும் ஒரே மாதிரி, சுத்தமாக "டக்" என்று ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் சத்துவிட்டாற்போல் "டொப்" என்றால் அந்த ஃபைபர் கிளாஸ் சரியாக ஒட்டவில்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்கு

ரீல் ஷூ பார்க்க சாதாரண கறுப்பு லேஸ் ஷூ போல இருக்கும், சோல் மெல்லியது, குதி மட்டும் கடினம். காற்றில் இரண்டு குதியையும் மோதிச் சத்தம் எழுப்புவதற்காக. ஹார்டு ஷூவுக்குச் சொன்ன அளவு முறையே இதற்கும், கறுப்பு சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதிகளின் உள்பக்கம் ஒன்றோடொன்று நன்றாகத் தட்டுகிறதா என்று மட்டும் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை, கடை, பழைய ஷூ

நான் வாங்கியபோது புது சாஃப்ட் ஷூ 40 யூரோவை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தது, புது ஹார்டு ஷூ 100 யூரோவைத் தாண்டியது. அன்டோனியோ பசெல்லி, ஃபேய்ஸ், ஹல்லகன் ஆகியவை வகுப்பில் அடிக்கடி காதில் விழும் கம்பெனிப் பெயர்கள். ஒவ்வொன்றின் வார்ப்பும் ஒவ்வொரு மாதிரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்றில்லை. பெயரைப் பார்த்து வாங்காமல் காலைப் பார்த்து வாங்குங்கள்.

போட்டி நடக்கும் இடங்களிலும் கடை போடுவார்கள். இந்தப் போட்டிகளுக்கு இங்கே "ஃபெஷ்" என்று பெயர். பல கம்பெனி ஷூக்களை ஒரே இடத்தில் போட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பிள்ளை போட்டியில் இல்லாவிட்டாலும் ஒருநாள் வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போய், அப்படியே கால் அளவையும் பார்த்துக்கொண்டு வரலாம்.

பழைய ஷூ விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஹார்டு ஷூ பழசாக வாங்கலாம், சாஃப்ட் ஷூவை யோசித்து வாங்குங்கள். ஹார்டு ஷூவை ஒரு பிள்ளை போட்டுப் பழகியிருந்தால் சோல் ஏற்கெனவே வளைந்திருக்கும், நம் பிள்ளைக்குப் பாதிக் கஷ்டம் மிச்சம். புதிதின் பாதி விலைக்கும் கிடைக்கும். சாஃப்ட் ஷூ அப்படியில்லை, அதன் மெல்லிய தோல் முதல் பிள்ளையின் பாத வடிவத்தை எடுத்துக்கொண்டுவிடும். நாலைந்து தடவை மட்டும் போட்டதாக இருந்தால் சரி.

பழைய ஹார்டு ஷூவைக் கையில் எடுத்தால் இவற்றைப் பாருங்கள். நுனியின் ஃபைபர் கிளாஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் வேண்டாம், நம் பிள்ளையின் பாதமும் அந்தப் பக்கம் சாயும். குதியைப் பிடித்து அசைத்தால் ஆடக் கூடாது. விரல்கள் மடங்கும் இடத்தில் மேல்தோலில் வெடிப்பு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, ஸ்ட்ராப்பின் துளைகள் கிழிந்து நீண்டிருக்கின்றனவா. கடைசியாகக் கையை உள்ளே விட்டு அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள், விரலழுந்திய பள்ளமோ உள்ளே எழும்பி நிற்கும் ஆணியோ திருகாணியோ கையில் தட்டுப்படும்.

பழக்குவது

புது ஷூவைப் போட்டியன்று முதல்முறையாகப் போடவே கூடாது. சாஃப்ட் ஷூவுக்கு இரண்டு மூன்று வாரம், ஹார்டு ஷூவுக்கு ஒரு மாதமாவது வேண்டும். சாஃப்ட் ஷூவை தினமும் கால் மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நுனிக்காலில் எழும்பி இறங்கினாலே போதும். ஹார்டு ஷூவைத் தினமும் கையால் முன்னும் பின்னும் வளைத்து, பிறகு தடித்த சாக்ஸோடு டிவி பார்க்கும்போது போடச் சொல்லுங்கள். சீக்கிரம் நெகிழட்டும் என்று தண்ணீரில் முக்குவதோ ரேடியேட்டர் மேல் வைத்துச் சூடாக்குவதோ வேண்டாம், தோல் விறைத்து வெடிக்கும். பின்பக்க விளிம்பு ஆரம்பத்தில் கடிக்கும். அந்த இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் ஒரு வாரம் வகுப்பு போகும்.

ஹார்டு ஷூவைச் சிமெண்டுத் தரையிலோ தெருவிலோ போட்டு நடக்கவே விடாதீர்கள். நுனி தேயும், முழங்காலுக்கும் கெடுதல். வீட்டுத் தரையில் ஆடினால் தரை கீறும். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரத்தில் ஒட்டுப்பலகை வாங்கி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு அதன் மேல் ஆட விடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, எந்த நேரம் தொந்தரவில்லை என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி சாயங்காலம் ஐந்து முதல் ஐந்தரை என்று நேரம் கொடுத்தார், இப்போது அவரே மாடிப்படியில் பார்த்தால் ஹார்ன்பைப் எப்படிப் போகிறது என்று கேட்கிறார்.

பராமரிப்பும் வலியும்

ஆடி முடித்ததும் ஷூவைப் பைக்குள் அமுக்காமல் வெளியே எடுத்துச் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே வைத்துக் காற்றில் உலர விடுங்கள். அயர்லாந்தின் ஈரத்தில் ஒருநாள் இரவு பைக்குள் கிடந்தாலே நாற்றம் பிடிக்கும். போட்டிக்கு முன் கறுப்பு பாலிஷ். சாஃப்ட் ஷூவின் அடித்தோல் நாளாக ஆகப் பளபளத்து வழுக்கும், ஈரத்துணியால் துடைத்துக் கம்பி பிரஷ்ஷால் லேசாகச் சுரண்டினால் மறுபடி பிடிப்பு வரும். ஹார்டு ஷூவின் லேஸ் அவிழாமல் இருக்க மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே எல்லாரும் செய்வது, ஒரு சுருள் பையிலேயே கிடக்கட்டும்.

வலியில் எது சகஜம், எது இல்லை என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் தோல் உரசும் எரிச்சல் சகஜம். நகம் கறுத்தால், விரல் மரத்துப்போனால், ஷூவைக் கழற்றி அரை மணி நேரமாகியும் வலி போகாவிட்டால் அது அளவுப் பிரச்சினை, உடனே மாற்றுங்கள். எட்டு வயதிலிருந்து பதினாலு வரை, குதித்து ஆடும் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்புறம் வலி வருவதுண்டு. அங்கே எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் வருவது அது, செவர்ஸ் என்று பெயர். சாஃப்ட் ஷூவில் அதிர்ச்சியைத் தாங்க எதுவும் கிடையாது என்பதால் இன்னும் கூடும். நொண்டினால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள், சில வாரம் குதிப்பதைக் குறைக்கச் சொல்வார்கள். "ஆடினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது மாற்றுவது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அதே மாதிரி தாள் வைத்து அளந்துவிடுங்கள். பிள்ளை சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். பிடித்த ஷூவைக் கழற்ற மனசில்லாமல் விரலை மடக்கிக்கொண்டே ஆடும், என் மகள் ஒரு மாதம் அப்படி ஆடியிருக்கிறாள். சாஃப்ட் ஷூவில் விரல் முட்டிகள் மேலே தெரிய ஆரம்பித்தாலோ, கட்டைவிரல் நுனியில் தோல் வெளுத்து மெலிந்தாலோ நேரம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பாதத்தின் மேல் முட்டிவிட்டால் கால் வளரவில்லை, தோல்தான் நெகிழ்ந்துவிட்டது. அப்போதும் புதுசுதான், ஆனால் அதே சைஸ். போட்டி நெருங்கும்போது மாற்ற வேண்டி வந்தால் பழையதையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருங்கள்.

மகளின் நாலாவது ஜோடியைப் போன மாதம் வாங்கினோம். கடையில் அவளே குனிந்து குதிகாலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பெரிசு" என்று திருப்பிக் கொடுத்தாள். முந்தின ஜோடியை லேஸோடு சுருட்டி, வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஐந்தாறு தடவைதான் போட்டது, அதற்குள் இவள் கால் வளர்ந்துவிட்டது.